பற்றாக்குறையையும் இன்மையையும் ஆங்கிலத்தில் எழுதும் முறை: எல்லையோரத் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று கோவை, பொள்ளாச்சி எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், வீட்டில் தமிழும் கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்தும் பேசுகிற நாம், அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் ஆங்கிலத்தைத்தான் எடுக்கிறோம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் தமிழிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கடிதத்தைப் பிரிக்கும் அலுவலருக்குத் தமிழ் வாசிக்க வராது, நமக்கோ மலையாளம் பேச வந்த அளவுக்கு எழுத வராது என்ற நிலையில், இரு தரப்புக்கும் நடுவே ஆங்கிலமே வந்து நிற்கிறது.

அப்படி எழுதப்படும் மனுக்களில் மிகப் பலவற்றின் பொருள் ஒன்றுதான்: ஏதோ ஒன்று இல்லை, அல்லது போதவில்லை. தண்ணீர் வரவில்லை, ஆசிரியர் இல்லை, மருந்து தீர்ந்துவிட்டது, கணக்கில் பணம் குறைகிறது. தமிழில் இவற்றையெல்லாம் ‘இல்லை’, ‘குறைவு’ என்ற இரண்டு சொற்களால் ஓட்டிவிடலாம். கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அது நடக்காது. அங்கே ஷார்டேஜ், ஷார்ட்ஃபால், டெஃபிசிட், டெஃபிஷியன்சி, ஸ்கேர்சிட்டி, லேக், ஆப்சென்ஸ் என்று ஒவ்வொரு நிலைமைக்கும் ஒவ்வொரு சொல் இருக்கிறது. அகராதிகள் இவை எல்லாவற்றுக்கும் எதிரே ‘பற்றாக்குறை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவதால்தான் குழப்பம். சொல்லைத் தேர்ந்தெடுக்குமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எதை அளவுகோலாக வைத்து ‘குறைவு’ என்கிறோம் என்பதே. அந்த அளவுகோல் தெரிந்தால் சொல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

முதற்படி: ஒன்றுமே இல்லையா, கொஞ்சம் இருக்கிறதா?

எழுதத் தொடங்குமுன் இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். குழாயில் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அது ஒரு நிலைமை. காலையில் அரைமணி நேரம் மட்டும் வருகிறது என்றால் அது வேறொரு நிலைமை. முதலாவதை ‘நோ வாட்டர்’, ‘நோ சப்ளை’ என்று நேரடியாக எழுதலாம். ஒரு பொருள் அல்லது ஏற்பாடு அறவே இல்லாததைக் குறிக்க ‘ஆப்சென்ஸ்’ என்ற சொல்லையும் எடுக்கலாம். இரண்டாவதற்கு ஷார்டேஜ் குடும்பத்துச் சொற்கள் வேண்டும். ஷார்டேஜ் என்று எழுதினால், கொஞ்சமாவது வருகிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகத்தான் அலுவலர் படிப்பார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வழுக்கலான ஒரு சொல் உண்டு. எல், ஏ, சி, கே என்ற நான்கு எழுத்துகளால் எழுதப்படும் ‘லேக்’ அது. ஏரியைக் குறிக்கும் சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதன் எழுத்தும் ஒலிப்பும் வேறு. ‘லேக் ஆஃப் வாட்டர்’ என்றால் தண்ணீர் அறவே இல்லை என்றும் கொள்ளலாம், போதவில்லை என்றும் கொள்ளலாம். எண்ணவும் அளக்கவும் முடிகிற பொருளுக்கு மனுவில் இச்சொல்லைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. பண்புக்கும் நிலைக்கும் வசதிக்கும் இது மிக நன்றாகப் பொருந்தும்: அனுபவமின்மைக்கு ‘லேக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’, விழிப்புணர்வின்மைக்கு ‘லேக் ஆஃப் அவேர்னஸ்’, தூக்கமின்மைக்கு ‘லேக் ஆஃப் ஸ்லீப்’, அடிப்படை வசதியின்மைக்கு ‘லேக் ஆஃப் பேசிக் ஃபெசிலிட்டீஸ்’. இவற்றில் எத்தனை லிட்டர், எத்தனை பேர் என்று எவரும் கேட்கப்போவதில்லை.

இரண்டாம் படி: எதைவிடக் குறைவு?

இந்தப் படிதான் முக்கியமானது. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் குறைவு என்று முடிவாகிவிட்டால், அந்தக் குறைவை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

தேவையோடு ஒப்பிட்டால் ‘ஷார்டேஜ்’. இன்றைக்கு, இந்த இடத்தில், இத்தனை பேருக்கு வேண்டியது இவ்வளவு, கிடைப்பது அதைவிடக் குறைவு என்பதே இதன் பொருள். கோடையில் டேங்கர் லாரியை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைத்திருக்கும் வார்டுக்கு ‘ஷார்டேஜ் ஆஃப் டிரிங்கிங் வாட்டர்’ என்பதுதான் சரியான தொடர். மருந்துக்கும் உரத்துக்கும் விதைக்கும் சில்லறைக்கும் ஆட்களுக்கும் இதுவே. ஷார்டேஜ் என்பது தீர்க்கக்கூடிய ஒன்று என்ற குறிப்பும் அதற்குள் இருக்கிறது. ஒரு லாரி வந்தால், ஒரு லோடு இறங்கினால், அந்த நாளைய ஷார்டேஜ் முடிந்துவிடும். உடனடி நடவடிக்கை கேட்கும் மனுவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

வாக்குறுதியோடு, ஒப்பந்தத்தோடு, இலக்கோடு ஒப்பிட்டால் ‘ஷார்ட்ஃபால்’. இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் வர வேண்டும். நம் சித்தூர்ப் புழை ஆற்றையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடும் கேரளமும் 1970ஆம் ஆண்டில் கையெழுத்திட்டு, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். ஓர் ஆண்டில் 6.5 டிஎம்சிதான் வந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த 0.75 டிஎம்சி வித்தியாசத்துக்குப் பெயர் ஷார்ட்ஃபால். அதே ஆண்டில் நல்ல மழை பெய்து, வயலுக்கு அந்தத் தண்ணீர் தேவையே இல்லாமல் போயிருந்தாலும் ஷார்ட்ஃபால் ஷார்ட்ஃபால்தான். ஆனால் அப்போது ஷார்டேஜ் என்று எழுத முடியாது. மறுபக்கம், 7.25 டிஎம்சியும் முழுதாக வந்து, அப்படியும் கடைமடைக்கு எட்டவில்லை என்றால், அங்கே ஷார்டேஜ் உண்டு, ஷார்ட்ஃபால் இல்லை. இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று பதில் எழுதி எளிதாகக் கோப்பை மூடிவிடுவார்கள்.

வரவு செலவோடு ஒப்பிட்டால் ‘டெஃபிசிட்’. செலவு வரவை மிஞ்சுகிற வித்தியாசம் அது. அரசின் நிதிநிலை அறிக்கையில் வரும் ஃபிஸ்கல் டெஃபிசிட்டும், பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் வரும் டெஃபிசிட்டும் இந்த வகைதான். வழக்கமான அளவிலிருந்து விழுந்த மழையைக் குறிக்கவும் ‘ரெயின்ஃபால் டெஃபிசிட்’ என்று எழுதுகிறார்கள்.

மழை என்று வந்துவிட்டதால் ‘டெஃபிஷியன்ட்’ என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை இந்தச் சொல்லுக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. வழக்கமான மழையில் 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அது ‘நார்மல்’. 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் ‘டெஃபிஷியன்ட்’. 60 முதல் 99 வரை குறைந்தால் ‘லார்ஜ் டெஃபிஷியன்ட்’. ஒரு துளியும் பெய்யாவிட்டால் ‘நோ ரெயின்’. ஆகவே 15 விழுக்காடு குறைந்த மழைக்கு ‘டெஃபிஷியன்ட் ரெயின்ஃபால்’ என்று நிவாரண மனுவில் எழுதினால், வேளாண் அலுவலர் தம் மேசையில் உள்ள அட்டவணையைப் பார்த்து ‘நார்மல்’ என்று குறித்துவிடுவார். ‘பிலோ ஆவரேஜ்’ என்று எழுதியிருந்தால் பொய்யும் இல்லை, மறுப்புக்கு இடமும் இல்லை.

பெயர்ச்சொல்லான ‘டெஃபிஷியன்சி’, ஒரு உடலுக்கோ அமைப்புக்கோ இருந்தே ஆக வேண்டிய ஒன்று குறைவதைச் சொல்கிறது. மருத்துவரின் சீட்டில் அயர்ன் டெஃபிஷியன்சி, வைட்டமின் டி டெஃபிஷியன்சி என்று வருவதும், தென்னை ஓலை மஞ்சளாவதைக் கண்டு நியூட்ரியன்ட் டெஃபிஷியன்சி என்று வேளாண் அலுவலர் எழுதுவதும் இதனால்தான். இரத்தத்தில் இரும்பு ‘ஷார்டேஜ்’ என்று எவரும் எழுதமாட்டார்கள். சட்டத்திலும் இச்சொல்லுக்கு ஓர் இடம் உண்டு: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கிய பொருளில் உள்ள குறை ‘டிஃபெக்ட்’, பெற்ற சேவையில் உள்ள குறை ‘டெஃபிஷியன்சி’. பழுதான மோட்டாருக்கு முதற்சொல்லையும், பழுது பார்க்க வருவதாகச் சொல்லி வராமல் போன நிறுவனத்தின் நடத்தைக்கு ‘டெஃபிஷியன்சி இன் சர்வீஸ்’ என்ற தொடரையும் எழுத வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்கள் இதை மாற்றி எழுதக் கூடாது.

ஒரு வட்டாரத்தின் அல்லது நாட்டின் பொதுவான இருப்போடு ஒப்பிட்டால் ‘ஸ்கேர்சிட்டி’. இது ஒரு லாரியில் தீர்வதில்லை. பொருளே அரிது என்ற நிலை. நீரியலில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் நீர் 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் ‘வாட்டர் ஸ்ட்ரெஸ்’ என்றும், 1,000 கன மீட்டருக்குக் கீழே போனால் ‘வாட்டர் ஸ்கேர்சிட்டி’ என்றும், 500க்கும் கீழே போனால் ‘ஆப்சொல்யூட் ஸ்கேர்சிட்டி’ என்றும் வழங்கும் அளவுகள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. பஞ்சாயத்தின் ஒரு வார்டில் நான்கு நாள் குழாய் வராததற்கு ஸ்கேர்சிட்டி என்று எழுதுவது சற்று மிகை. நீண்டகாலத் திட்டம் கேட்டு, ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் எடுத்துக்காட்டி எழுதும் அறிக்கைக்கு அது பொருந்தும்.

மலையாளச் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. ‘குடிவெள்ள க்ஷாமம்’ என்று அங்கே தினமும் தலைப்பு வரும். அந்த க்ஷாமத்தை அகராதியில் தேடினால் ‘ஃபேமின்’ என்றும் கிடைக்கும். உடனே ‘வாட்டர் ஃபேமின்’ என்று எழுதிவிடக் கூடாது. ஃபேமின் என்பது உணவின்றி மக்கள் மடியும் பெரும்பஞ்சம். குடிவெள்ள க்ஷாமத்துக்கு நேரான ஆங்கிலம் ‘டிரிங்கிங் வாட்டர் ஷார்டேஜ்’.

அதே க்ஷாமம் வேறொரு சொல்லுக்கு நல்ல திறவுகோலாகிறது. ‘டெர்த்’ என்ற சொல், விலையுயர்ந்த என்ற பொருளுடைய ‘டியர்’ என்பதிலிருந்து வந்தது. பொருள் அருகினால் விலை ஏறும் என்ற சந்தைக் கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. அரசு ஊழியருக்குக் கிடைக்கும் டியர்னஸ் அலவன்ஸை மலையாளத்தில் க்ஷாமபத்தை என்றும், தமிழில் இன்று அகவிலைப்படி என்றும், பழையவர்கள் பஞ்சப்படி என்றும் சொல்வதைப் பார்த்தால், மூன்று மொழிகளும் பஞ்சத்தையும் விலையேற்றத்தையும் ஒன்றாகவே பார்த்திருப்பது தெரியும். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் டெர்த் என்பது தண்ணீருக்கும் அரிசிக்கும் வருவதைவிட, தகுதியான ஆட்கள், நல்ல யோசனைகள், நம்பத்தக்க தகவல்கள் ஆகியவற்றுக்கே மிகுதியாக வருகிறது. கட்டுரையில் அழகாக இருக்கும், மனுவில் தேவையில்லை. நிதி போதவில்லை என்று சொல்ல அலுவலகங்கள் விரும்பி எழுதும் ‘பாசிட்டி ஆஃப் ஃபண்ட்ஸ்’ என்ற தொடரும் அவர்கள் நமக்கு எழுதும் பதிலில் வரும் தொடர். நாம் அவர்களுக்கு எழுத வேண்டிய அவசியம் எழுவது அரிது.

மூன்றாம் படி: ஆள் இல்லை என்றால் எப்படி இல்லை?

எல்லையோரத்துத் தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றிய மனுக்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. ‘தமிழ் ஆசிரியர் இல்லை’ என்ற ஒரே வாக்கியம் குறைந்தது நான்கு நிலைமைகளைக் குறிக்கலாம். பணியிடம் இருக்கிறது, ஆள் நியமிக்கப்படவில்லை என்றால் ‘தி போஸ்ட் இஸ் வேக்கன்ட்’. ஆள் நியமிக்கப்பட்டிருக்கிறார், பள்ளிக்கு வரவில்லை என்றால் ‘தி டீச்சர் இஸ் ஆப்சென்ட்’. ஐந்து பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ‘தேர் இஸ் எ ஷார்டேஜ் ஆஃப் டூ டீச்சர்ஸ்’, அல்லது ‘தி ஸ்கூல் இஸ் டூ டீச்சர்ஸ் ஷார்ட்’. பணியிடமே உருவாக்கப்படவில்லை என்றால் ‘நோ போஸ்ட் ஹேஸ் பீன் சாங்ஷன்ட்’.

நான்குக்கும் அலுவலகத்தில் நான்கு மேசைகள், நான்கு விதமான நடவடிக்கைகள். முதலாவதுக்கு நியமனம், இரண்டாவதுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை, மூன்றாவதுக்குத் தற்காலிக ஆசிரியர், நான்காவதுக்கு அரசாணை. காலியிடத்தைச் சொல்ல நினைத்து ‘டீச்சர் இஸ் ஆப்சென்ட்’ என்று எழுதியதால் இருக்கிற ஆசிரியர் மீது விசாரணை வந்து நின்றால் பெற்றோருக்கும் சங்கடம், ஆசிரியருக்கும் சங்கடம். தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அரசமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவைச் சுட்டி எழுதுபவர்கள் சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது இன்னும் அவசியம். சட்டப்பிரிவைக் காட்டிவிட்டு நிலைமையைத் தவறாகச் சொன்னால் மனுவின் எடை குறைந்துவிடும்.

பொருளும் ஆவணமும் ‘காணோம்’ என்றால் ‘மிஸ்ஸிங்’. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது அதன் பொருள். ‘பேஜ் த்ரீ இஸ் மிஸ்ஸிங்’ என்பது சரி. ‘பேஜ் த்ரீ இஸ் ஆப்சென்ட்’ என்பது காதுக்கு ஒவ்வாது.

நான்காம் படி: ஒட்டிவரும் சிறு சொற்கள்

சொல்லைச் சரியாகப் பிடித்தாலும் அதன் பின்னால் வரும் ‘ஆஃப்’, ‘இன்’, ‘ஃப்ரம்’ ஆகியவற்றில் நாம் தடுக்கி விழுகிறோம். மிகப் பெரும்பாலான பிழைகள் லேக் என்பதைச் சுற்றியே நடக்கின்றன. அது பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ஆஃப்’ வேண்டும்: ‘எ லேக் ஆஃப் டாய்லெட்ஸ்’. வினையாக வரும்போது ‘ஆஃப்’ கூடவே கூடாது: ‘அவர் ஸ்கூல் லேக்ஸ் டாய்லெட்ஸ்’. ‘வி ஆர் லேக்கிங் ஆஃப் டாய்லெட்ஸ்’ என்பது இரண்டையும் கலந்த தவறு. ‘லேக்கிங் இன்’ என்று எழுதலாம். ஆனால் அது தன்னம்பிக்கை, பொறுப்பு, ஒழுங்கு போன்ற பண்புகளுக்கே சரிப்படும்.

ஷார்ட்ஃபாலில் ஒரு நுணுக்கம். அளவைச் சொல்லும்போது ‘ஆஃப்’, பொருளைச் சொல்லும்போது ‘இன்’: ‘எ ஷார்ட்ஃபால் ஆஃப் 80 லிட்டர்ஸ்’, ‘எ ஷார்ட்ஃபால் இன் சப்ளை’. டெஃபிசிட்டுக்கும் இதே வழக்கம். ‘டெஃபிஷியன்ட்’ என்ற பெயரடைக்குப் பின் ‘இன்’ வரும். ‘டெஃபிஷியன்சி’க்குப் பின் பொதுவாக ‘ஆஃப்’ அல்லது ‘இன்’ வரும். ‘ஆப்சென்ட்’ என்பதன் பின்னால் ‘ஃப்ரம்’: ‘ஆப்சென்ட் ஃப்ரம் டியூட்டி’. ஷார்டேஜுக்குப் பின் ‘ஃபார்’ போடுவது நம் பக்கத்துப் பழக்கம். அதை விட்டுவிட வேண்டும்.

தீர்ந்துவிட்டது என்பதற்கு நாம் வாயால் சொல்லும் ‘மில்க் காட் ஓவர்’ என்பதை எழுத்தில் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்று மாற்றிக்கொள்ளலாம். தீர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் முழுதாகத் தீரவில்லை என்றால் ‘வி ஆர் ரன்னிங் ஷார்ட் ஆஃப் மில்க்’. மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’ என்றால் இப்போது இருப்பில் இல்லை, மறுபடி வரும். ‘நாட் அவைலபிள்’ என்றால் இங்கே கிடைப்பதில்லை என்றும் பொருள்படலாம். மாதம்தோறும் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்காக மனு எழுதும் முதியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரே ஓர் எழுத்து மாற்றும் பொருள்

‘எ’ என்ற ஒற்றை எழுத்து இருப்பதும் இல்லாததும் மனுவைத் தலைகீழாக்கிவிடும். ‘எ ஃப்யூ வெல்ஸ் ஹேவ் வாட்டர்’ என்றால் சில கிணறுகளில் தண்ணீர் இருக்கிறது, சமாளிக்கிறோம் என்று பொருள். ‘ஃப்யூ வெல்ஸ் ஹேவ் வாட்டர்’ என்றால் தண்ணீர் உள்ள கிணறுகள் இல்லை என்றே சொல்லலாம் என்று பொருள். கிணற்றின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். எழுதுபவரின் மனநிலைதான் மாறுகிறது. எண்ண முடியாதவற்றுக்கு ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ என்று இதே கதை. நாம் ‘கொஞ்சம்தான் இருக்கிறது’ என்று வருத்தத்தோடு நினைத்துக்கொண்டு ‘எ லிட்டில் வாட்டர் இஸ் தேர்’ என்று எழுதுகிறோம்; படிப்பவர் கொஞ்சம் இருக்கிறதே என்று நிம்மதியாகப் படிக்கிறார். ‘ஒன்லி எ லிட்டில்’ அல்லது ‘வெரி லிட்டில்’ என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’, ‘பேர்லி’ மூன்றும் தம்முள்ளேயே மறுப்பைச் சுமக்கின்றன. அவற்றோடு இன்னொரு ‘நோ’ அல்லது ‘நாட்’ சேர்க்கக் கூடாது. ‘தேர் இஸ் ஹார்ட்லி எனி வாட்டர்’ என்று எழுத வேண்டும். தமிழில் ‘யாரும் இல்லை’, ‘எதுவும் வரவில்லை’ என்று எதிர்மறை முழுவதும் வினையில்தான் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கில ‘நோ’வையும் முன்னால் போட்டு ‘நோ வாட்டர் இஸ் நாட் கம்மிங்’ என்று எழுதினால், தண்ணீர் வராமல் இல்லை, அதாவது வருகிறது, என்று முடிந்துவிடும்.

ஆறாம் படி: ‘இல்லாமல்’, ‘இல்லாத’, ‘இல்லா’

‘இல்லாமல்’ என்பதற்கு ‘வித்தவுட்’ என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ என்று முடியும் சொல்லோதான் வர வேண்டும். சாப்பிடாமல் என்பதற்கு ‘வித்தவுட் ஈட்டிங்’. முன்னறிவிப்பு இல்லாமல் என்பதற்கு ‘வித்தவுட் நோட்டீஸ்’. ஆனால் மழை பெய்யாமல் கிணறுகள் வற்றின என்பதை வித்தவுட் என்று தொடங்காமல் ‘தி வெல்ஸ் ட்ரைட் அப் பிகாஸ் தி ரெயின்ஸ் ஃபெயில்ட்’ என்று எழுதுவதே இயல்பு. நம் ‘-ஆமல்’ சில சமயம் காரணத்தையும் சொல்கிறது. வித்தவுட் தனியாக அந்த வேலையைச் செய்யாது.

சொல்லின் கடைசியில் ஒட்டும் ‘-லெஸ்’, ‘-ஃப்ரீ’ இரண்டும் இல்லாத என்றுதான் பொருள்படும். ஆனால் முன்னது பெரும்பாலும் இருக்க வேண்டியது இல்லையே என்ற குறையைச் சொல்கிறது, பின்னது வேண்டாதது இல்லை என்ற நிறைவைச் சொல்கிறது. வீடில்லாதவர் ‘ஹோம்லெஸ்’, சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் ‘ஷுகர்-ஃப்ரீ’. தமிழ்நாட்டு அரசு ‘விலையில்லா மிதிவண்டி’, ‘விலையில்லா மடிக்கணினி’ என்று வழங்கிய திட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்கள் ‘ப்ரைஸ்லெஸ்’ என்று போட்டுவிடக் கூடாது. ப்ரைஸ்லெஸ் என்றால் விலைமதிக்க முடியாதது; விலையில்லாதது ‘ஃப்ரீ’ அல்லது ‘ஃப்ரீ ஆஃப் காஸ்ட்’.

ஏழாம் படி: அலுவலகத் தொடர்கள்

‘இன் தி ஆப்சென்ஸ் ஆஃப்’ என்றால் அது இல்லாத நிலையில், அதற்கு ஈடாக வேறொன்றைச் செய்கிறோம் என்ற குறிப்பு உண்டு. ‘ஃபார் வான்ட் ஆஃப்’ என்றால் அது இல்லாத காரணத்தால் ஒரு காரியம் நின்றது. நீதிமன்ற உத்தரவுகளில் ‘டிஸ்மிஸ்ட் ஃபார் வான்ட் ஆஃப் ப்ராசிக்யூஷன்’ என்று வந்தால், வழக்கை நடத்த ஆள் வராததால் தள்ளுபடி என்று அர்த்தம். இங்கே ‘வான்ட்’ விருப்பத்தைக் குறிக்கவில்லை, இன்மையைக் குறிக்கிறது. ‘நில்’ என்பது படிவத்தின் கட்டத்துக்குள் எழுத வேண்டிய சொல். முன் பாக்கி, வில்லங்கம், வருமானம் என்று கேட்ட இடத்தில் ஒன்றும் இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் நில் என்று எழுதுங்கள்; காலியாக விட்டால் நிரப்ப மறந்ததாகக் கொண்டு திருப்பி அனுப்புவார்கள். கடிதத்தின் வாக்கியங்களுக்குள் அதை இழுத்துக்கொண்டு வர வேண்டாம்.

எட்டாம் படி: ஒரு மனுவைத் திருத்திப் பார்ப்போம்

முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘நோ வாட்டர் இஸ் நாட் கம்மிங் இன் அவர் ஏரியா. வி ஆர் லேக்கிங் ஆஃப் வாட்டர். எ லிட்டில் வாட்டர் ஒன்லி தேர் இன் வெல். டேங்கர் இஸ் ஆல்சோ ஆப்சென்ட். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.’

பொருள் வரியிலிருந்து தொடங்குங்கள். உடனடி நடவடிக்கை வேண்டும், ஓரளவு தண்ணீர் கிடைக்கிறது. ஆகவே ‘ஷார்டேஜ் ஆஃப் டிரிங்கிங் வாட்டர்’ என்று எழுதி வார்டு எண்ணைச் சேர்க்க வேண்டும். முதல் வாக்கியம் நிலைமையையும் காலத்தையும் சொல்லட்டும்: ‘தேர் ஹேஸ் பீன் எ ஷார்டேஜ் ஆஃப் டிரிங்கிங் வாட்டர் இன் அவர் வார்டு சின்ஸ் தி ஃபர்ஸ்ட் வீக் ஆஃப் மார்ச்.’

அடுத்த வாக்கியத்தில் அளவுகோலை வையுங்கள். 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். டேங்கரிலிருந்து ஒரு வாரத்தில் பிடித்த குடங்களை எண்ணி நாள்வாரியாகப் பங்கிட்டுப் பார்த்தால் 140 லிட்டர்தான் தேறுகிறது என்றால், ‘எ ஹவுஸ்ஹோல்ட் ஆஃப் ஃபோர் ரிசீவ்ஸ் அபவுட் 140 லிட்டர்ஸ் எ டே, எ ஷார்ட்ஃபால் ஆஃப் 80 லிட்டர்ஸ் அகெய்ன்ஸ்ட் தி நார்ம் ஆஃப் 55 லிட்டர்ஸ் பெர் பர்சன்’ என்று எழுதலாம். எத்தனை முறை ‘வெரி சஃபரிங்’ என்று எழுதினாலும் இந்த ஒரு வாக்கியத்தின் வலு வராது.

மூன்றாவதாக, மாற்று வழிகளும் அடைபட்டதைச் சொல்லுங்கள்: ‘ஃப்யூ வெல்ஸ் ஹேவ் எனி வாட்டர் லெஃப்ட். இன் தி ஆப்சென்ஸ் ஆஃப் எ பைப்டு சப்ளை வி டிபெண்ட் ஆன் தி டேங்கர் லாரி, விச் நவ் கம்ஸ் ஒன்லி ட்வைஸ் எ வீக்.’ இங்கே ஃப்யூ என்பதன் முன்னால் ‘எ’ வரவில்லை என்பதையும், டேங்கரை ‘ஆப்சென்ட்’ என்று சொல்லாமல் எத்தனை முறை வருகிறது என்று சொல்லியிருப்பதையும் கவனியுங்கள்.

கடைசியாகக் கோரிக்கை. ‘டூ தி நீட்ஃபுல்’ என்று விட்டுவிட்டால் எது தேவை என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். ‘வி ரிக்வெஸ்ட் தட் தி டேங்கர் பி சென்ட் டெய்லி அன்டில் எ பைப்டு சப்ளை இஸ் ப்ரொவைடட்’ என்று எழுதுங்கள். இங்கே ‘ரெஸ்டோர்ட்’ என்ற சொல்லை எடுத்தால், முன்பு குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது என்று பொருளாகும். பழுது பார்க்கும் பிரிவுக்குக் கடிதம் போய், அங்கே அப்படி ஒரு குழாயே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வரும். குழாய் பதிக்கவே இல்லை என்றால் ‘ப்ரொவைடட்’, பதித்து நின்றுபோயிருந்தால் மட்டும் ‘ரெஸ்டோர்ட்’.